கிழவர்கள் இல்லாத ரத்தம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் இயந்திரத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழாயைச் செருகிவிட்டுக் கொட்டாவி விடுவதற்குள் துண்டுச் சீட்டு வந்துவிடுகிறது. சிவப்பணு இத்தனை, அதன் சராசரி அளவு இத்தனை. நானோ கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் கண் நோகப் பார்த்த காலத்து ஆள். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஒரு கல்யாண வீட்டுக்கு வந்தவர்களின் சராசரி வயது முப்பது என்று சொன்னால், வந்தவர்கள் எல்லாரும் முப்பது வயதுக்காரர்களா, அல்லது பாதிக் கிழவர்களும் பாதிக் குழந்தைகளுமா? சீட்டு சொல்லாது. பந்தியை எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

சிவப்பணுவுக்கு வயது உண்டு என்பதை நானும் ஒற்றை வரியாகத்தான் படித்தேன். ஏறக்குறைய நான்கு மாதம் வாழும் என்று பரீட்சையில் எழுதிவிட்டு மறந்தும் போனேன். வேலைக்கு வந்த பிறகுதான் அந்த நான்கு மாதத்தில் அதற்கு என்னதான் ஆகிறது என்ற ஆவல் பிடித்துக்கொண்டது. மஜ்ஜையிலிருந்து புதிதாக வரும்போது அது பெரிதாக, லேசாக நீலம் பூத்திருக்கும். ஓரிரு நாளில் அந்த நீலம் கழிந்து, நடுவில் குழிந்த நல்ல சிவப்பு வட்டாகிவிடும். அந்தக் குழிவு அழகுக்கு வைத்ததில்லை. உள்ளிருக்கும் சரக்குக்குத் தேவையானதைவிடத் தோல் கொஞ்சம் தாராளமாக இருப்பதால் வரும் குழிவு அது. அதனால்தான் அணு மடங்கி, நீண்டு, தன்னைவிடக் குறுகிய சந்துகளிலும் நுழைந்து வருகிறது.

வயது ஏற ஏற அந்தத் தோல் துணுக்குத் துணுக்காகக் கழன்றுபோகிறது. அணு சிறுக்கிறது, அடர்த்தியாகிறது, விறைக்கிறது. உட்கரு இல்லாததால் எதையும் புதிதாகச் செய்துகொள்ள அதற்கு வழியில்லை. பிறக்கும்போது கட்டிக்கொண்டு வந்த நொதிகளை வைத்தே கடைசிவரை காலம் தள்ள வேண்டும். அதுவும் குறைந்துகொண்டே வரும். ஒருநாள் மண்ணீரலின் இடுக்கில் வளைய முடியாமல் மாட்டிக்கொள்ளும், அத்தோடு கதை முடிந்தது. ஒரு சொட்டு ரத்தத்தில் பிறந்த குழந்தை முதல் சாகப்போகிற கிழவர் வரை எல்லாரும் கலந்திருப்பார்கள். இதை நினைத்து நினைத்து நான் வியந்ததைப் பார்த்து, கூட வேலை செய்தவர்கள் என்னைக் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

அந்த வியப்பு ஒருநாள் கைகொடுத்தது. எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், தெற்குப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. ஊர் பெயர் எதற்கு, விடுங்கள். மூன்று மாதக் கைக்குழந்தை ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். ஆண் குழந்தை. தாய் சாந்தி, புக்கிட் செலம்பாவ் தோட்டத்துப் பெண். கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, கணவனின் வேலையால் ஜித்ராவில் குடியிருந்தாள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்காகச் சுங்கைப் பட்டாணிக்கு வந்து, பாக்கார் ஆராங்கில் கணவனின் அக்கா ரெஜினா வீட்டில் தங்கியிருந்தார்கள். ரெஜினா தம்பியைத் தாயில்லாமல் வளர்த்து ஆளாக்கியவர். துணி ஃபேக்டரியில் சூப்பர்வைசர். குழந்தைக்கு ஞானத்தாயும் அவரே.

ஞானஸ்நானம் முடிந்த இரண்டொரு நாளில் குழந்தை மஞ்சளாகிவிட்டது. காலை வெயிலில் காட்டினார்கள், கிளினிக்கில் மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். வாரம் திரும்பியும் தேறவில்லை. நேப்பியில் பால் சேர்க்காத கோப்பி ஓ ஊற்றிய மாதிரிச் சிறுநீர். மஞ்சள் போய் வெளிறத் தொடங்கிய பிறகு தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். உடம்புக்குள் சிவப்பணுக்கள் கொத்துக் கொத்தாக உடைந்துகொண்டிருந்தன. எதனால் என்பதுதான் தெரியவில்லை. அது தெரியாமல் புது ரத்தம் ஏற்றினால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான்.

வார்டு டாக்டர் இளம் மலாய்க்காரர். கெட்டிக்காரர், முன்கோபி. அவருக்கு முதலிலேயே சரியான சந்தேகம் வந்துவிட்டது. ஜி சிக்ஸ் பி டி என்று ஒரு நொதி. சிவப்பணுவைச் சில மருந்துகளிலிருந்தும், பாச்சை உருண்டையின் நெடியிலிருந்தும் காப்பாற்றுவது அதுதான். சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. பாச்சை உருண்டைக்கு மலாயில் ஊபாட் கெகாட் என்று பெயர். உங்கள் வீட்டில் ஊபாட் கெகாட் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றாள் சாந்தி. நொதியைப் பார்க்கச் சொல்லிக் குழந்தையின் ரத்தத்தை என்னிடம் அனுப்பினார்.

சோதனை எளிது. மருந்துக் கரைசலில் ஒரு சொட்டு ரத்தத்தைக் கலந்து, காகிதத்தில் பொட்டு வைத்து, இருட்டுப் பெட்டிக்குள் புற ஊதா விளக்கில் பார்க்க வேண்டும். நொதி இருந்தால் பொட்டு நீலமாக மின்னும், இல்லாவிட்டால் இருண்டு கிடக்கும். குழந்தையின் பொட்டு மின்னியது. சந்தேகமே இல்லாத மினுக்கம்.

‘நார்மல்’ என்று எழுத வேண்டியதுதான் பாக்கி. எழுதுவதற்கு முன் தகட்டையும் ஒருமுறை பார்ப்போமே என்று தோன்றியது. கடமை என்றெல்லாம் பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். வேடிக்கை பார்க்கும் புத்தி, அவ்வளவுதான். பார்த்தால் எங்கு திரும்பினாலும் பெரிய பெரிய நீல அணுக்கள். எல்லாம் நேற்றுப் பிறந்தவை. அங்கங்கே யாரோ பிஸ்கட்டைக் கடித்து வைத்ததுபோல விளிம்பு போன அணுக்கள் ஒன்றிரண்டு. சிறுத்து, அடர்ந்து, சாகப்போகிற வயதில் இருக்க வேண்டியவை கண்ணிலேயே படவில்லை.

என் கை நின்றுவிட்டது. குறைபாட்டில் பல தினுசு உண்டு. சிலவற்றில் புதிதாகப் பிறக்கும் அணுவிடம் நொதி ஓரளவு இருக்கும், வயதாக ஆகத்தான் வேகமாகத் தீர்ந்துபோகும். அப்படியானால் விஷம் வரும்போது முதலில் சாவது கிழவர்கள். மிஞ்சுகிறவை இளசுகள். அவற்றை மட்டும் பிடித்துச் சோதித்துவிட்டு நொதி இருக்கிறது என்று நான் சொல்லப்போகிறேன். வெள்ளத்தில் போனவர்களை விட்டுவிட்டு, கரையில் நிற்கிறவர்களிடம் உங்கள் ஊரில் எல்லாருக்கும் நீச்சல் தெரியுமா என்று கேட்பது போலத்தான்.

தொலைபேசி அடித்தது. ரிசல்ட் எங்கே என்று டாக்டர் கத்தினார். நார்மல் என்றால் நார்மல் என்று சொல்லுங்கள், நான் வேறு நோயைத் தேடிக்கொண்டு போகிறேன் என்றார். அதுதான் எனக்குப் பயம். நான் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் அவர் இந்தக் கதவைச் சாத்திவிடுவார். சொல்லாமல் இழுத்தால் ஒரு பிஞ்சு உயிரின் நேரத்தை நான் தின்கிறேன்.

“பேப்பர் நார்மல்னு சொல்லுது டாக்டர். தகடு வேற சொல்லுது. நீங்களே கீழ வந்து பாத்துடுங்க” என்றேன்.

விறுவிறுவென்று வந்தார். முகம் சிவந்திருந்தது. குனிந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. பிறகு மெதுவாக, “மானா ஓராங் துவா?” என்றார். வயதானவர்கள் எங்கே என்று அர்த்தம். எனக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. நான் ஒரு வார்த்தைகூட விளக்க வேண்டியிருக்கவில்லை.

மிச்சம் மீதி இருக்கும் கிழவர்களையாவது பிடித்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். வயதான அணு கனமானது. நூல் போன்ற கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றிச் சுழற்றினால் கனமானவை அடியில் போய் உட்காரும், இளசுகள் மேலே நிற்கும். அப்படிச் சுழற்றி, அடித்துண்டை உடைத்தெடுத்துச் சோதித்தோம். பொட்டு மின்னியது, ஆனால் மங்கலாக. எனக்கு மங்கலாகத் தெரிந்தது என்று சொல்வதுதான் சரி. நாம் எதை எதிர்பார்க்கிறோமோ அதைத்தான் கண் காட்டும். உங்கள் கண்ணையும் அந்த மாதிரி நேரங்களில் நம்பாதீர்கள்.

“இதை நம்பி நான் என்ன செய்யமுடியும்?” என்று கேட்டார் டாக்டர்.

அதற்குள் குழந்தைக்கு ரத்தம் ஏற்றியே ஆகவேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. எங்கள் குளிர்பெட்டியில் அந்த வகை ரத்தம் ஒரே ஒரு பைதான் இருந்தது. அதுவும் காலாவதியாகும் தறுவாயில். பைக்குள்ளும் அணுக்களுக்கு வயதாகும், தெரியுமா? குளிரில் கிடந்து கிடந்து முள் முளைத்த மாதிரி ஆகி, விறைத்துப்போகும். வளர்ந்த ஆளுக்குப் பரவாயில்லை. அந்தக் குழந்தைக்கு அதைக் கொடுக்க எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சாந்தியின் அண்ணன் முனியாண்டி. புக்கிட் செலம்பாவிலிருந்து நேராக வந்திருந்தார். லோரி ஓட்டுகிற ஆள், தேக்கு மாதிரி உடம்பு. சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தார். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பெண்கள் எல்லாருமே அவருக்கு மிஸ்ஸிதான்.

“மிஸ்ஸி, என் மருமவனுக்கு ரத்தம் வேணுமாம். எடுங்க. எவ்ளோ வேணுமோ எடுங்க.”

“மொதல்ல ஒக்காருங்கண்ணே. சாப்ட்டீங்களா?”

“ரொட்டி சானாய் ரெண்டு அடிச்சிட்டுத்தான் வந்தேன் லா. ரத்தம் குடுக்கிற ஆளு வெறும் வயித்துலயா வருவான்? தாய்மாமன் நான் இருக்கேன், வேற எவன் ரத்தமும் வேணாம்.”

பார்த்தால் வகையும் பொருந்தியது. புது ரத்தம், சொந்த ரத்தம், கொடுக்கத் துடிக்கும் ஆள். காலிப் பையை எடுத்து வைத்துவிட்டேன். கையில் பட்டையைக் கட்டும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அச்சு அசல் சாந்தியின் முகம். அப்போதுதான் பொறி தட்டியது. இந்தக் குறை தாய் வழியாக மகனுக்கு வருவது. சாந்திக்கும் இவருக்கும் தாய் ஒருத்திதான். குழந்தைக்கு இது இருந்தால், இவருக்கும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இவரோ நோய் நொடி இல்லாமல் நிற்கிறார். இவர் ரத்தத்தில் கிழவர்கள் ஒருவர் விடாமல் உயிரோடு இருப்பார்கள். குழந்தையிடம் கேட்க முடியாத கேள்வியை இவரிடம் கேட்கலாம்.

“அண்ணே, எப்பவாச்சும் ஒங்களுக்கு மூத்திரம் கறுப்பாப் போயிருக்கா?”

அவருக்கு வெட்கமாகிவிட்டது. வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு தடவ போச்சு மிஸ்ஸி. பாலிங் பக்கம் காட்டு வேலைக்குப் போயி கொசுக் காய்ச்சல் வந்துச்சு. டிரஸர் மாத்திர குடுத்தாரு. முழுங்குனதும் கோப்பி ஓ மாதிரி போச்சு. பயந்துட்டேன். அப்பறம் அவரு முன்னால வாயில போட்டுக்குவேன், அந்தாண்ட போயி துப்பிடுவேன்.”

துப்பியதால்தான் இந்த மனிதர் இன்று உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பையை ஒதுக்கி வைத்துவிட்டு விரல் நுனியில் ஒரு சொட்டு மட்டும் எடுத்தேன். வெளியே நின்றிருந்த ரெஜினா அதைப் பார்த்துவிட்டு உள்ளேயே வந்துவிட்டார்.

“குடுக்க வந்த ஆள ஒக்கார வெச்சு என்னா ஆராய்ச்சி இது? பிள்ள அங்க வெளுத்துப்போயி கெடக்குது!”

அவர் சொன்னதில் தப்பில்லை. வார்டிலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஊரே அவசரப்படும்போது நிதானமாக இருப்பது பெரிய காரியம் இல்லை, அவசரப்படுகிறவர்கள் எல்லாருமே நல்லவர்களாக இருக்கும்போது நிதானமாக இருப்பதுதான் கஷ்டம். அன்று எனக்கு அழுகையே வந்தது.

இருட்டுப் பெட்டியில் என்னுடைய ரத்தத்தையும் அவருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் பொட்டு வைத்தேன். டாக்டரும் நானும் தலையோடு தலை இடிக்கக் குனிந்தோம். என் பொட்டு நீலமாக மின்னியது. அவருடையது கடைசிவரை இருண்டே கிடந்தது. டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டு மாடிப்படி ஏறினார்.

முனியாண்டியின் ரத்தத்தை இனிக் கொடுக்க முடியாது. குழந்தையின் அணுக்களை எது உடைக்கிறதோ அது இவருடையதையும் உடைத்துவிடும். எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் அதே வகை ரத்தம். அவரைக் கூப்பிட்டு, அவர் பொட்டு மின்னுவதைப் பார்த்த பிறகு பையை மாட்டினேன்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. உடைப்பது எது? தமிழில் கேட்பதற்காக என்னை வார்டுக்குக் கூப்பிட்டார்கள். நான் தொட்டிலில் குனிந்தேன். குனிந்ததும் ஞாயிற்றுக்கிழமை வாசனை அடித்தது. நானும் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பத்துப் பெண். எங்கள் ஊரில் பூசைக்கு வருகிறவர்களின் பட்டுப் புடவையும் கோட்டும் மொத்தமாகச் சேர்ந்து ஒரே வாசனைதான் அடிக்கும். பெட்டிக்குள் போட்ட பாச்சை உருண்டை. எங்களுக்கு அது நல்ல துணியின் வாசனை. மூக்குக்குப் பழகிவிட்ட வாசனை.

ஆஸ்பத்திரிப் போர்வைக்கு அடியில் ஒரு வெள்ளைக் கம்பளிச் சால்வை இருந்தது. ரெஜினாவின் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டுக் குழந்தைகள் எல்லாம் ஞானஸ்நானத்துக்கு உடுத்திய லேஸ் அங்கி ஒன்று, கூடவே இந்தச் சால்வை. துவைத்தால் கிழிந்துவிடும் என்று துவைப்பதே இல்லையாம். கைநிறைய பாச்சை உருண்டை போட்டு ரெஜினா அதைத் தகரப் பெட்டியில் காப்பாற்றி வந்தார். அன்று குழந்தைக்கு நம் வழக்கப்படி உச்சி முதல் உள்ளங்கால் வரை தேங்காய் எண்ணெய் தேய்த்து அங்கியைப் போட்டிருக்கிறார்கள். எண்ணெய்த் தோலில் அந்த நெடி இன்னும் சுலபமாக இறங்கும். வீட்டிலும் சால்வை, ஆஸ்பத்திரி மின்விசிறி குளிருமே என்று இங்கேயும் சால்வை.

“டாக்டரு ஒங்க வூட்டுல இருக்கான்னு கேட்டாரு. எங்க ஜித்ரா வூட்டுல இல்லதானே அக்கா?” என்றாள் சாந்தி என்னிடம். அவள் பொய் சொல்லவில்லை. பெட்டி நாத்தனாருடையது.

சால்வையை அகற்றி, குழந்தையைக் குளிப்பாட்டி, ரத்தம் ஏற்றினார்கள். நேப்பியின் நிறம் கோப்பியிலிருந்து தேநீராகி, பிறகு வெறும் மஞ்சளாயிற்று. அந்த அழுக்கு நேப்பிகளை நாங்கள் பார்த்த ஆசையைப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள்.

குழந்தை தப்பித்துவிட்டது என்று தெரிந்த பிறகு எல்லாரையும் தாழ்வாரத்தில் நிற்க வைத்து டாக்டர் விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். எந்த மருந்து கூடாது, பாச்சை உருண்டை கிட்டவே வரக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முனியாண்டி ஒதுங்கி நின்றிருந்தார்.

“என் ரத்தம் கெட்ட ரத்தமா மிஸ்ஸி?” என்றார்.

“கெட்டதா இருந்தா இம்மாம் பெரிய ஆளா நிப்பீங்களா? ஒங்க ஒரு சொட்டு இல்லன்னா எங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுண்ணே” என்றேன். பாவம், அவருக்கு அது போதவில்லை.

ரெஜினா நன்றாக அழுதிருந்தார். சால்வையைப் போர்த்திய கை அவருடையது. அந்தக் குற்ற உணர்ச்சி தாங்காமலோ என்னவோ, குரல் கொஞ்சம் கூர்மையாகத்தான் வந்தது.

“எங்க அப்பா போட்டது, தம்பி போட்டது. எங்க வூட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. அப்ப பிள்ளைக்கு இது யாருகிட்டேருந்து வந்துச்சு?”

சாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். வேறு மதத்திலிருந்து, தோட்டத்திலிருந்து வந்தவள். அந்த வீட்டில் இனி ஆயுசுக்கும் அவள் கேட்கப்போகிற ஒரு பேச்சு என் வாயிலிருந்து புறப்படக் காத்திருந்தது. சரியான பதில் எனக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது என்பதுதான் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் முனியாண்டி முன்னால் வந்தார்.

“எங்கிட்டேருந்துதான் லா. தாய்மாமன் சீருன்னு வெச்சுக்குங்க. கொலுசு, அரைஞாணோட இதையும் சேத்துப் போட்டுட்டேன் போல. எனக்கு இருக்குன்னு மிஸ்ஸியே பேப்பர்ல பாத்துட்டாங்களே. எந்தங்கச்சிக்கு ஒண்ணும் இல்ல.”

ரெஜினா என் பக்கம் திரும்பினார். “அப்டியா மிஸ்ஸி?”

மாமனிடமிருந்து மருமகனுக்கு இந்தக் குறை வராது. முதல் வருட மாணவனுக்கும் தெரியும். “அவருக்கு இருக்கிறது உண்மைதான்” என்றேன். அது வரைக்கும் அது உண்மைதானே. என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் முனியாண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதையும் திருத்தாமல் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

ஆனால் சாந்தியிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை. அடுத்து ஓர் ஆண் குழந்தை பிறந்தால் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற அன்று அவளைத் தனியாக உட்கார வைத்து, இது தாயிடமிருந்துதான் வரும், உன் அண்ணனிடமிருந்து வர வழியே இல்லை என்று சொன்னேன். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று நினைத்திருந்தேன்.

“தெரியும் அக்கா” என்றாள், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே. “அண்ணன் பேச ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. சின்ன வயசுலயும் நான் ஒடச்ச பிங்கான் தட்டுக்கெல்லாம் அடி வாங்குனது அவன்தான்.”